சிராமலையில் வைகறை வழிபாடு

 

மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவினை ஒட்டி நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில், வைகறைப் பொழுதில் மலைக்கோயிலை வழிபடுதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். மலைமேல் விளங்கும் சிவத்தலங்கள் நம் நாட்டிற் பல. திருக்கழுக்குன்றம் உண்டு, திருச்செங்கோடு உண்டு, திருஈங்கோய்மலை உண்டு, வாட்போக்கி உண்டு. இவை அனைத்தையும் ஒரு மாலைப்பொழுதிற் சொல்லால் ஏறி இறங்குவதென்பது ஆகாத செயல். ஒரு மலையை எடுத்துக்கொண்டு, அதன் அடியினின்றும் முடிவரை அன்பர்களோடு மெல்ல ஏறிச் செல்வதே தகுதி எனக் கருதுகின்றோம். ஆகவே, காவிரியின் தென்கரையில் ஓங்கி நிற்கும் திருச்சிராப்பள்ளிக் குன்றினை இன்று எடுத்துக்கொள்வோம்.

இக்குன்று உயரத்தாற் பெரிது என்று சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 83 மீட்டர் உயரம்; நானூறுக்குச் சற்று மேற்பட்ட படிகள்; அவ்வளவே. இமயத்தையும் ஏறிக் கடந்தவர்கள் இதனை ஒரு மலையென்றும் எண்ணார். ஆயினும் திருஞானசம்பந்தப் பெருமானும் திருநாவுக்கரசுப் பெருமானும் பதிகம் பாடிப் பரவிய தலம் இது. மலையின் பெருமையை அளக்கும் கோல் அதன் உயரம் ஒன்றே என்று கொண்டால், நம் நாட்டுத் தலங்கள் பலவற்றின் பெருமை நமக்கு விளங்காமலே போய்விடும்.

இக்காலத்தில் கதிரவன் எழும் காட்சியைக் காண்பதற்கென்றே மலையேறுவோர் பலராயினர். இருள் நீங்குமுன் எழுந்து, நண்பர்களைக் கூட்டி, வண்டி ஏறி வந்து, மலைமேல் நின்று, அக்காட்சியைக் கைப்பேசியிற் படமாக்கிக்கொண்டு திரும்புகின்றனர். இதனை நாம் குறை கூற வரவில்லை. உறங்கிக் கழிக்கும் பொழுதில் ஒருவன் எழுந்து மலையேறுகிறான் என்றால் அதுவும் ஒரு நல்லூழே. ஆனால் ஒரு வினாவை மட்டும் அவர்கள் முன்னும் நம் முன்னும் வைக்க விரும்புகிறோம். மலைமேற் சென்று நாம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம்? அம்மலைமேல் வீற்றிருக்கும் பெருமான் எந்தத் திசையை நோக்கி இருக்கிறான்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால் இன்றைய பேச்சு நிறைவெய்திவிடும்.

வைகறையின் சிறப்பு

கதிரவன் உதிப்பதற்கு ஐந்து நாழிகைக்கு முன்னரே துயிலெழுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். ஐந்து நாழிகை என்பது இக்காலக் கணக்கில் இரண்டு மணி நேரம். எழுந்து, திருநீறு அணிந்து, சிவபெருமானை நினைந்து, திருமுறை ஓதிய பின்னரே உலகக் காரியங்களிற் புகுதல் வேண்டும் என்றனர். பகல் முழுதும் நம்மை நான்கு பக்கமும் இழுக்கும் ஐம்பொறிகள் அப்பொழுதில் சற்று அடங்கியிருக்கின்றன. ஓசை குறைவு, காட்சி குறைவு, கடன்காரனும் அந்நேரத்தில் வாயிற்கதவைத் தட்டுவதில்லை. மனம் தன் வீட்டில் தான் இருக்கும் பொழுது அது.

மார்கழியில் இவ்வைகறைக்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையிலும், திருப்பள்ளியெழுச்சியைத் திருப்பெருந்துறையிலும் அருளிச் செய்தார் என்பது மரபு. ஒன்றில் மகளிர் ஒருவரையொருவர் துயிலெழுப்புகின்றனர். மற்றொன்றில் இறைவனையே பள்ளியெழ வேண்டுகின்றனர். இறைவனுக்கு உறக்கம் ஏது? அவன் ஒரு கணம் கண் துயின்றால் அண்டங்கள் என்ன ஆகும்? உறங்காதவனை எழுப்புவது போல உறங்குகின்ற நம்மை நாமே எழுப்பிக்கொள்வதுதான் பள்ளியெழுச்சியின் உட்கருத்து. தாய் ஒருத்தி உறங்கும் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து அதன் தந்தையை உரக்க அழைத்தால், முதலில் விழித்துக்கொள்வது குழந்தையே அன்றோ?

படியேற்றம்

இனி, மலையடிக்கு வருவோம். மார்கழியில் நடை முன்னதாகவே திறக்கும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். உச்சியிலும் பிள்ளையார், அடியிலும் பிள்ளையார். தொடங்கும் இடத்தில் இடையூறு நீக்குபவரும், முடியும் இடத்தில் நம் வரவை ஏற்பவரும் ஒருவரே என்னும் நம்பிக்கையோடு முதற்படியில் காலை வைக்கிறோம்.

இம்மலையின் படிவழி மற்ற மலைவழிகளைப் போல வெட்டவெளியில் அமைந்ததன்று. பெரும்பகுதி மேலே கூரையும் இருபுறமும் சுவரும் கல்லுமாகக் குகை போல மூடியுள்ளது. வைகறையில் ஏறும்போது வானமும் தெரியாது, ஊரும் தெரியாது. விளக்கொளியில் முன்னே பத்துப் படிகள் தெரியும். அப்பத்தை ஏறினால் அடுத்த பத்துத் தெரியும். இதுவும் ஒரு பாடம் என்றே நாம் கொள்கிறோம். வாழ்வு முழுவதற்கும் உரிய வழியை இறைவன் ஒரே முறையிற் காட்டிவிடுவதில்லை. அடுத்த அடி வைப்பதற்கு வேண்டிய ஒளியை மட்டும் தருகிறான். அதனைக் கொண்டு அடியெடுத்து வைப்பவனுக்கே மேற்கொண்டு ஒளி கிடைக்கிறது. முழுவழியும் தெரிந்தால்தான் புறப்படுவேன் என்பவன் அடிவாரத்திலேயே நிற்பான்.

ஏறத் தொடங்கும்போது எல்லாரும் பேசிக்கொண்டே ஏறுவர். நூறு படி கடந்ததும் பேச்சுக் குறையும். இருநூறு கடந்ததும் மூச்சு ஒன்றே கேட்கும். பேச்சுக்கு உரிய மூச்சை மலை வாங்கிக்கொள்கிறது. இம்மலையைச் சார்ந்தே மௌன மடம் அமைந்திருப்பதும் பொருத்தமே. இத்தலத்துப் பெருமான் பெயரையே தம் பெயராகத் தாங்கிய தாயுமான அடிகள், கி.பி. 18ஆம் நூற்றாண்டில், நாயக்க மன்னரது அலுவலில் உயர்ந்த நிலையில் இருந்தபோதே, மௌனகுருவை அடைந்து, சும்மா இருக்கும் நிலையை உபதேசமாகப் பெற்றார். சொல்லற நிற்றல் எத்துணை அரியது என்பதை அவர் பாடல்களை ஓதுவார் அறிவர். நமக்கு அந்நிலை எளிதிற் கூடாது. ஆனால் அதன் ஒரு துளியை இருநூறாவது படி நமக்குச் சுவைக்கத் தருகிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஓராண்டு மார்கழியில் நாம் இவ்வழியே ஏறியபோது, படியோரத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் கைவிளக்கும் சிறு பூக்கூடையுமாக அமர்ந்திருந்தார். ஏறுவோரெல்லாம் அவரைக் கடந்து விரைந்து கொண்டிருந்தனர். "அம்மா, இன்னும் சிறிது தூரந்தான், மெல்ல வரலாமே" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "சாமி, என் காலு வந்த மட்டும் நான் வந்துட்டேன். இனிமே அவரு பாடு" என்றார். நாம் ஆண்டுதோறும் மேடைகளில் விரித்துரைக்கும் சித்தாந்தத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். உயிரின் முயற்சி எவ்வளவு செல்லும், அதற்குமேல் திருவருள் எவ்வாறு ஏற்றுக்கொள்ளும் என்பதை இதனினும் எளிதாக உரைத்தல் இயலுமோ? சற்று நேரத்தில், மேலே ஏறிச் சென்ற இளைஞர் இருவர் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்து அவரைச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றனர். அவர் சொன்ன "அவரு பாடு" அவ்விருவர் வடிவில் இறங்கி வந்தது என்றே நாம் எண்ணினோம்.

தாயான பெருமான்

படிவழியின் மேற்பகுதியில் தாயுமானவப் பெருமான் திருக்கோயில் விளங்குகிறது. அம்மை மட்டுவார்குழலி. வடமொழியில் மாத்ருபூதேசுவரர் என்றும், புராணத்தைச் சார்ந்து செவ்வந்திநாதர் என்றும் பெருமானுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. இத்தல வரலாற்றை எல்லப்ப நாவலர் செவ்வந்திப் புராணமாகப் பாடியுள்ளார்.

தாயுமான வரலாறு நீங்கள் அறிந்ததே. எனினும் சுருங்கச் சொல்வோம். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் கருவுற்று நிறைமாதமாக இருந்தாள். உதவிக்கு வரவேண்டிய தாய் காவிரிக்கு அக்கரையில். ஆற்றிலோ இருகரையும் புரளும் வெள்ளம். ஓடம் செல்லவும் வழியில்லை. பெண்ணுக்கு நோவு கண்டது. துணைக்கு ஒருவரும் இல்லாத நிலையில் அவள் சிராமலைப் பெருமானை நினைந்து அழுதாள். பெருமான் அவளுடைய தாயின் வடிவிலேயே வந்து, மருத்துவம் பார்த்து, குழந்தையை ஏந்தி, தாயையும் சேயையும் பேணிக் காத்தான். வெள்ளம் வடிந்த பின் உண்மைத் தாய் வந்து சேர்ந்தாள். வீட்டில் இரண்டு தாயர்! திகைத்து நிற்கும்போதே வந்த தாய் மறைந்தருளினான். அன்று முதல் அவன் தாயும் ஆனவன். சித்திரைப் பெருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இந்நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்பெறுகிறது. சுகப்பேறு வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கமும் நிலவுகிறது.

உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் பெரும்பொருள், ஒரு சிற்றில்லத்தின் பேற்றறையில் வெந்நீர் காய்ச்சி, துணி அலசி, பிள்ளையைக் குளிப்பாட்டியது என்கிறோம். இதனைச் சொல்லும்போது நம் நா தழுதழுக்க வேண்டாமா? மற்றவர் அருவருக்கும் பணியையும் தாய் அருவருப்பதில்லை. அத்தகைய பணியையே பெருமான் தேடி வந்து செய்தான். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, இதே கோயிலின் மற்றொரு வரலாற்றுக்குச் செல்வோம். மேற்பார்வைக்கு அது இதற்கு நேர்மாறாகத் தோன்றும்.

திரும்பிய திருமுகம்

சாரமா முனிவர் என்பவர் செவ்வந்தி நந்தவனம் அமைத்து, நாள்தோறும் பெருமானுக்கு மலர் சாத்தி வழிபட்டு வந்தார். அம்மலர்களின் அழகைக் கண்ட ஒருவன் அவற்றைக் களவாகப் பறித்து, உறையூரில் இருந்த சோழ மன்னனுக்குக் கொடுத்து வந்தான். மன்னனும் அவற்றைத் தன் தேவிக்குச் சூட்டி மகிழ்ந்தான். முனிவர் மன்னனிடமே முறையிட்டார். மன்னன் செவி சாய்க்கவில்லை. களவு செய்தவனினும் களவுக்குத் துணைநின்ற அரசன் பெருந்தவறு செய்தான். காக்க வேண்டியவனே கைவிட்டால் ஏழை எங்குச் செல்வது? முனிவர் பெருமான் சந்நிதியில் சென்று அழுதார். அதுவரை கிழக்கு நோக்கியிருந்த பெருமான் உறையூர் இருந்த மேற்றிசை நோக்கித் திரும்பினான். மண்மாரி பொழிந்தது; உறையூர் மண்மூடிப் போயிற்று என்பது புராணம்.

இன்றும் தாயுமானவப் பெருமான் மேற்கு நோக்கியே இருக்கிறான். கொடிமரம் அவனுக்குப் பின்புறத்தே கீழ்த்திசையில் நிற்கிறது. பூசைக் காலத்தில் மேளமும் அப்பின்புறத்திலிருந்தே முழங்கும் வழக்கமும் அதனாலேயே உண்டாயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒரு பெண்ணின் நோவுக்கு இரங்கித் தாயாய் வந்தவனும், ஓர் ஊரின்மேல் மண்மாரி பெய்வித்தவனும் ஒருவனே ஆதல் எங்ஙனம்? நம் சாத்திரங்கள் இதற்கு விடை கூறுகின்றன. இறைவனுடைய கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும். அணைத்துத் திருத்துவது அறக்கருணை. ஒறுத்துத் திருத்துவது மறக்கருணை. மண்ணுண்ணும் பிள்ளையின் கையைத் தட்டிவிடுபவளும், அதே கையால் அதன் வாயைத் துடைத்துப் பால் புகட்டுபவளும் ஒரே தாய்தானே?

இந்த விடை சரியே. ஆயினும் இத்தலத்தில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. வெகுண்டு திரும்பியவன், வெகுளி தணிந்த பின் பழையபடி கிழக்கு நோக்கித் திரும்பியிருக்கலாமே! ஏன் திரும்பவில்லை? சினங்கொண்ட மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். யாரோடு சினமோ அவரைப் பாராமல் இருப்பான். ஆண்டுக்கணக்கில் உடன்பிறந்தான் முகத்தைப் பாராதவர் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஒரே தெருவில் இருந்துகொண்டு திருமணத்துக்கும் போகாமல் இழவுக்கும் போகாமல் இருப்பவர் எத்தனை பேர்! சிராமலைப் பெருமான் செய்தது இதற்கு முற்றிலும் மாறானது. அவன் சினந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முகத்தை நேரே திருப்பி நோக்கினான். அப்படி நோக்கிய முகத்தை அதன்பின் எடுக்கவும் இல்லை. அடித்த பிள்ளை அழுது உறங்கிப்போன பின்னும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு விளக்கை அணைக்காமல் அமர்ந்திருக்கும் தாயைப் போல, தவறு செய்த ஊரையே இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒறுக்கத் திரும்பிய முகமே காக்க நிலைத்த முகமாயிற்று.

உறையூரில் வெக்காளியம்மன் கோயிலைப் பலரும் தரிசித்திருப்பீர்கள். அன்னை மேற்கூரையின்றி வெட்டவெளியில் வீற்றிருக்கிறாள். மண்மாரியால் வீடிழந்த மக்களுக்கு மீண்டும் வீடு அமையும்வரை தனக்கும் கூரை வேண்டா என்று அவள் இருப்பதாகச் செவிவழி வரலாறு கூறும். மலைமேல் தந்தை அவ்வூரையே நோக்கியிருக்க, கீழே தாய் அவ்வூர் மக்களோடு வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள். தண்டனை என்று நாம் சொல்லும் கதையைப் பெரியோர் எங்குக் கொண்டு போய் முடித்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

திரும்பிய மன்னன்

சந்நிதியை வணங்கி மேலும் ஏறினால், உச்சிக்குச் செல்லும் வழியில் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு குகைக்கோயில் உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அமைத்தது அது. கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதர மூர்த்தியின் சிற்பம் ஒன்று அங்கே எழிலுற விளங்குகிறது. அதன் இருபுறத் தூண்களிலும் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. ஹுல்ட்சு என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்துள்ளார்.

அச்சுலோகங்களுள் ஒன்று, மாறான நெறியினின்றும் குணபரன் எனப்பெறும் இம்மன்னன் இலிங்க வழிபாட்டால் திரும்பிய செய்தியைக் குறிப்பால் உணர்த்துகிறது. நாவுக்கரசரை நீற்றறையில் இட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தும் கொடுமை செய்த பல்லவன், பின்னர் அவர் திருவடியில் வீழ்ந்து சைவனானான் எனப் பெரியபுராணம் கூறும். அவன் திருவதிகையில் எடுத்த கோயிலுக்குக் குணபரவீச்சரம் என்ற பெயரையும் சேக்கிழார் தருகிறார். இப்பெயரையும் இக்கல்வெட்டையும் ஒருங்கு வைத்தே ஆராய்ச்சியாளர் அம்மன்னனை மகேந்திரவர்மன் எனக் கருதுவர். கொல்லக் கல் கட்டிய கையே பின்னர்க் கோயிலுக்குக் கல் குடைவித்தது. பெருமான் திரும்பி நோக்கிய மலையில், திரும்பி வந்த மன்னன் ஒருவன் கோயில் அமைத்தான் என்பது எத்துணைப் பொருத்தம்!

மற்றொரு சுலோகத்தின் கருத்தோ நம் இன்றைய பொருளுக்கு உயிராக விளங்குவது. தரைமேல் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர்தம் நாட்டையும் காவிரியையும் தான் பார்ப்பது எங்ஙனம் எனப் பெருமான் மன்னனை வினவியருளினானாம். அதற்காகவே மன்னன் இந்த உயர்ந்த மலைக்கோயிலை ஆக்கிக் கொடுத்தானாம். அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். மலைமேல் ஏறினால் நன்கு பார்க்கலாம் என்று நாம் ஏறுகிறோம். நமக்கு முன்பே, நம்மைப் பார்க்க வேண்டும் என்று பெருமான் ஏறி அமர்ந்திருக்கிறான்! நாம் காணச் சென்றோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் காணப்படச் செல்கிறோம்.

உச்சியில் உதயம்

இனி உச்சிப் பிள்ளையார் சந்நிதி. வணங்கிவிட்டு வெளியே வந்து நிற்கிறோம். மார்கழியில் ஆறரை மணியை ஒட்டிக் கதிரவன் எழுகிறான். வடக்கே காவிரியும் அதற்கப்பால் கொள்ளிடமும். இரண்டிற்கும் இடையே திருவரங்கமும் திருவானைக்காவும். மேற்கே உறையூர். தென்கிழக்கே சற்றுத் தொலைவில் திருவெறும்பூர்க் குன்று. மார்கழியில் கதிரவன் நேர்கிழக்கே எழாமல் தெற்கே ஒதுங்கி எழுவதால், ஏறத்தாழ அத்திருவெறும்பூர்ப் பக்கமாகவே செம்மை பரவும். ஆற்றின்மேல் படிந்த பனி மெல்லக் கலையும். இருளில் ஒன்றாய்க் கிடந்தவை வீடாகவும், மரமாகவும், கோபுரமாகவும் தனித்தனியே பிரிந்து தெரியத் தொடங்கும்.

திருவெறும்பூரையும் ஒரு சொல்லால் வணங்கிச் செல்வோம். தேவர்கள் எறும்பு வடிவில் மலையேறிப் பெருமானை வழிபட்டனர். எறும்புக்கு ஏறுதல் அரிதாயிற்று. பெருமான் புற்றாகித் தன் திருமுடியைச் சாய்த்து அவை ஏற வழிசெய்தான். ஏறுகின்ற எறும்புக்காகச் சாய்கின்ற மலை அது! படியில் அமர்ந்திருந்த அம்மையார் சொன்னதும் இதுவே அன்றோ?

கதிரவன் எழும் இக்காட்சியைச் சித்தாந்த ஆசிரியர்கள் பலவாறு உவமையாக எடுத்தாண்டுள்ளனர். இருளானது பிற பொருளை மறைத்தாலும் தன்னையாவது காட்டும். இருட்டாக இருக்கிறது என்றாவது நாம் சொல்கிறோம். ஆணவமாகிய இருளோ பிற பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்று உமாபதிசிவம் திருவருட்பயனில் விளக்குகிறார். ஆணவம் உடையவன் எவனாவது தனக்கு ஆணவம் உண்டு என்று ஒப்பியது உண்டா?

கண் காண்பதற்குக் கதிரொளி வேண்டும். கண்ணில் ஒளி இல்லாமல் இல்லை. ஆயினும் புறவொளி வந்து கலந்தால் அன்றி அது காணமாட்டாது. அவ்வாறே உயிருக்கு அறிவு உண்டு. திருவருள் கலந்தால் அன்றி அது அறியமாட்டாது. இது காட்டும் உபகாரம். அதனோடு நில்லாமல், கண்ணுக்குக் காட்டும் உயிர் தானும் உடன் காண்பது போல, உயிருக்குக் காட்டும் இறைவன் தானும் உடன்நின்று காண்கிறான் என்பதனைச் சிவஞானபோதத்துப் பதினொன்றாம் சூத்திரம் உணர்த்துகிறது. இது காணும் உபகாரம். உச்சியில் நின்று நாம் அனைத்தையும் காண்கிறோம் என்று மகிழும் அப்பொழுதில், நம் கண்ணின் உள்ளே ஒருவன் உடன்நின்று காண்கிறான். காவிரியைக் காண விரும்பினான் என்று பல்லவன் கல்லில் வெட்டியது வெறும் புலமைச் சுவைக்காக அன்று.

இன்னும் ஒன்று. கதிரவன் எழுந்தான் என்று வழக்கத்தாற் சொல்கிறோம். அவன் எழவில்லை, நாம் நிற்கும் நிலவுலகமே சுழன்று அவனை நோக்கித் திரும்புகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மேலும், உதயத்தில் அடிவானத்தின்மேல் நாம் காணும் கதிர்வட்டம் அக்கணத்தில் உண்மையில் அடிவானத்தின் கீழேயே இருக்கிறது. காற்று மண்டலம் அதன் ஒளியை வளைத்து நமக்கு முன்னதாகவே காட்டுகிறது என்று வானநூலார் கூறுவர். நாம் முழுதும் திரும்பி முடிப்பதற்கு முன்பே ஒளி வளைந்து வந்து நம்மை எதிர்கொள்கிறது! அருளின் இயல்பும் அதுவே. உயிர் முழுத்தகுதி பெறட்டும் என்று அது காத்திருப்பதில்லை. திரும்பத் தொடங்கியவனைப் பாதி வழியில் வந்து தழுவிக்கொள்கிறது.

எந்தத் திசையை நோக்குவது?

இப்பொழுது தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். உச்சியில் நிற்பவரெல்லாம் கிழக்கே பார்த்து நிற்கின்றனர். அது தவறன்று, ஞாயிறு பெருமானுடைய எட்டு வடிவங்களுள் ஒன்று. சிவசூரியனாகக் கைகுவித்துத் தொழுதல் நம் கடமை. ஆனால் தொழுத பின் அப்படியே இறங்கிவிடலாகாது. நமக்குக் கீழே, சந்நிதியில், பெருமான் மேற்கே பார்த்திருக்கிறான். உதயத்திற்கு அவன் முதுகு. உறையூருக்கு அவன் முகம். ஒளி வருகின்ற திசையைப் பார்த்து மகிழ்வது நம் இயல்பு. ஒளி போய்ச் சேரவேண்டிய திசையைப் பார்த்திருப்பது அவன் இயல்பு. கிழக்கு வெளுத்த பின்னும் மேற்கில் இருள் சற்றுத் தங்கி நிற்கும். மலையின் நீண்ட நிழலும் அப்பக்கமே விழும். அந்நிழல் விழும் பக்கத்தில் அவன் விழி இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, வைகறையில் மலையேறுவோர் உதயத்தைத் தொழுத பின், ஒருமுறை மேற்கே திரும்பி நில்லுங்கள். பெருமான் பார்க்கும் பக்கத்தை நீங்களும் பாருங்கள். உங்கள் வாழ்வில் உறையூர் எது என்று எண்ணிப் பாருங்கள். தவறு செய்துவிட்டான் என்று நீங்கள் முகம் பாராமல் விட்ட மகன் இருக்கலாம். சொத்துப் பிரிவினையில் மனம் கசந்து பேச்சற்றுப்போன தமையன் இருக்கலாம். உங்கள் மனம் நோக நடந்துகொண்ட மருமகள் இருக்கலாம். கண்டிக்க வேண்டுமாயின் கண்டியுங்கள், பெருமானும் கண்டித்தான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பெருமான் ஒருபோதும் திருப்பிக்கொள்ளவில்லை. மலையிலிருந்து இறங்கியதும் அவர் வீட்டு வாயிலில் போய் நின்று ஒரு சொல் பேசிவிடுங்கள். அன்றைய உதயம் அப்பொழுதுதான் நிறைவெய்தும்.

தவறு செய்தவர் நாமாகவே இருந்தால்? சந்நிதிக்குச் செல்ல அஞ்சுவோரும் உண்டு. என்ன முகத்தோடு போவேன் என்பர். அத்தகையோர் முதலிற் செல்லவேண்டிய மலை இதுவே. நீங்கள் என்ன முகத்தோடு செல்வது என்று வருந்த வேண்டா. அவன் உங்களை நோக்கியே முகம் வைத்திருக்கிறான். நாவுக்கரசரைக் கடலில் எறியச் செய்தவனுக்கும் அம்மலையில் இடம் கிடைத்தது.

இறங்கும்போது கீழிருந்து ஏறி வருவோரைக் காண்பீர்கள். மூச்சிரைத்து நிற்பவருக்கு ஒரு கை கொடுங்கள். ஏறுகின்ற எறும்புக்குச் சாய்ந்து கொடுத்தவன் அவன். அவன் மலையில் ஏறிவந்த நாம் அவ்வளவேனும் சாய்ந்து கொடுக்க வேண்டாமா? கால்கள் தளர்ந்து மலையேற இயலாத பெரியோர் வருந்துதல் வேண்டா. வீட்டு முற்றத்தில் வைகறையில் எழுந்து விளக்கேற்றி, சிராமலையை நினைந்து திருமுறை ஓதினாலும் அவ்வழிபாட்டைப் பெருமான் ஏற்றருளுவான். நம் கால் வந்த மட்டும் நாம் வருவோம். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

தாயாய் வந்து பிள்ளையை ஏந்திய கைகள் நம் அனைவரையும் ஏந்திக் காக்க, திரும்பி நோக்கிய திருமுகம் நம் இல்லங்களை என்றும் நோக்கியே இருக்க, பிரிந்தோர் கூடுக, நாடு செழிக்க, காவிரி வற்றாது பெருகுக என்று அம்மை மட்டுவார்குழலி உடனாய தாயுமானவப் பெருமான் திருவடிகளை வணங்கி நம் உரையை நிறைவு செய்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.